சிரிக்கவைக்கும் சிறுமியர்

இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகளுக்காக வேடிக்கையான ஆங்கிலக் கதை வரிசை ஒன்றைத் தேடினேன். அமெரிக்காவில் பெயர் பெற்றவை இரண்டு கிடைத்தன.

பார்பரா பார்க் 1992-இல் தொடங்கிய ‘ஜூனி பி. ஜோன்ஸ்’ வரிசையில், மழலைப் பள்ளிச் சிறுமி தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் தானே கதை சொல்கிறாள். அப்பிழைகளுக்காகவே அங்குப் பெற்றோர் சிலர் அதை எதிர்த்தனர். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஆனால், சரியான சொல்லை அறிந்த குழந்தைதானே தவறான சொல்லைக் கண்டு சிரிக்கும்? எழுத்துக் கூட்டிப் படிக்கும் நம் குழந்தைக்குப் பிழையே பாடமாகிவிடும்.

பெவர்லி கிளியரியின் ‘ரமோனா’ வேறு வகை. 1968-இல் வந்த நூலில், ‘இப்போதைக்கு இங்கே உட்கார்’ என்னும் பொருளில் ஆசிரியை ‘பிரசன்ட்’ என்ற சொல்லை ஆள்கிறார். பரிசு வரப்போகிறது என்றெண்ணி ரமோனா நாற்காலியை விட்டு எழவே மறுக்கிறாள். (நாள்தோறும் ‘பிரசன்ட் சார்’ சொல்லும் நமக்கு மூன்றாவது பொருளும் தெரியும்!) இரு பொருளையும் ஒருமுறை விளக்கினேன். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு, “பாவம் மாமா, கடைசியிலாவது பரிசு கொடுத்தார்களா?” என்று கேட்டாள்.