ஒயின் ஊரில் ஓசி போதை!

நம் ஊரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு ‘ஒயின்ஸ்’ என்று போர்டு தொங்கும். உள்ளே போனால் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும்! கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு இதற்கு நேர் எதிர். திரும்பின பக்கமெல்லாம் திராட்சைத் தோட்டம், ஒயின் மாளிகை. ருசி பார்க்க - பார்க்க மட்டும்தான் ஸார் - பல இடங்களில் தலைக்கு ஐம்பது டாலருக்கு மேல் தீட்டிவிடுகிறார்கள். கம்பெனி அனுப்பி வந்து, தினப்படியில் மிச்சம் பிடிக்கும் என்னைப் போன்ற ஆசாமிகளுக்கு அங்கே என்ன வேலை?

இருக்கிறது. காலுக்கு வேலை! அந்தப் பள்ளத்தாக்கின் வடகோடியில், சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 75 மைலில், கலிஸ்டோகா என்று ஒரு சின்ன ஊர். வெந்நீர் ஊற்றும் சேற்றுக் குளியலும் பிரசித்தம். பெயர் வந்த கதை தமாஷ். நியூயார்க் மாநிலத்து சாரடோகா அந்தக் காலத்தில் பணக்காரர்கள் நீராடப் போகிற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் சாம் பிரானன் என்கிற கனவான், “இதை கலிஃபோர்னியாவின் சாரடோகா ஆக்கிக் காட்டுகிறேன்” என்று சபதம் போட எழுந்தாராம். உள்ளே போன சரக்கு நாக்கைப் புரட்ட, “சாரஃபோர்னியாவின் கலிஸ்டோகா” என்று வந்து விழுந்ததாம். நிஜமோ கட்டுக்கதையோ, ஒயின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்சூட்டு விழா கிடையாது!

ஊரைச் சுற்றி நடைபாதைகள். முதல் நாள் ஒத்திகைக்கு, தெற்கே சில மைலில் போத்தி-நாபா மாநிலப் பூங்கா. ஓடை ஓரமாக, அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கும் ரெட்வுட் மரங்களின் நிழலில் நடக்கலாம். அங்கிருந்து ஒரு காட்டுப்பாதை, 1846-ல் கட்டிய மாவு மில்லுக்குக் கொண்டுபோய் விடும். அதன் தண்ணீர்ச் சக்கரம் 36 அடி உயரம்!

கொஞ்சம் தைரியம் வந்ததும் ஓட் ஹில் மைன் டிரெயில். ஊர் எல்லையிலேயே ஆரம்பிக்கிறது. ஒரு காலத்தில் பாதரசச் சுரங்கத்துக்குக் குதிரை வண்டிகள் போன சாலை. பாரவண்டிச் சக்கரங்கள் பாறையையே தேய்த்துப் போட்ட பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. அதில் காலை வைத்துக்கொண்டு கீழே பார்த்தால், கோலப் புள்ளி வைத்தமாதிரி திராட்சைக் கொடி வரிசைகள். இந்தப் பள்ளத்தாக்கு வெறும் கண்ணாடிக் கோப்பைகளால் ஆனதல்ல என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும்.

மூன்றாவதுதான் ராஜா. ஊருக்கு வடக்கே, 29-ஆம் நெடுஞ்சாலையின் உச்சியில் தொடங்கி, செயின்ட் ஹெலினா மலை மீது ஏறும் பாதை. போக ஐந்து மைல், வர ஐந்து மைல். உச்சி சுமார் 4,340 அடி. நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் குட்டைதான். ஆனால், அரை மணியிலேயே என் அறை நண்பன் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்.

“ஏண்டா, மலை ஏறவா அமெரிக்கா வந்தோம்? பழனிக்குப் போயிருந்தா முருகனாச்சும் கிடைச்சிருப்பாரு!”

முருகன் இல்லை. ஆனால், ஏறக்குறைய முக்கால் மைலில் ஒருத்தர் இருக்கிறார். மரத்தடியில், திறந்த புத்தகம் போல் ஒரு கல். ‘டிரஷர் ஐலண்ட்’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ஞாபகார்த்தம்.

1880-ல் அவருக்கு வயது 29. பெரிய பெயர் எதுவும் வரவில்லை. நுரையீரல் கெட்டு, ரத்தம் கக்கி, சாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்த மே மாதம்தான் கல்யாணம். மனைவி ஃபானி, அவரைவிடப் பத்து வயது மூத்தவர், முதல் கணவரை விவாகரத்து செய்தவர். ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாமல், புது ஜோடி ஃபானியின் மகனையும் கூட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தது. கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தில், தொழிலாளிகள் படுத்திருந்த ஓட்டைக் கொட்டகைதான் தேனிலவு மாளிகை! அந்த அனுபவத்தை ‘தி சில்வராடோ ஸ்குவாட்டர்ஸ்’ என்று 1883-ல் புத்தகமாகவும் போட்டார். அதற்குப்பின் பதினோரு வருஷம் இருந்து, 1894-ல் சமோவா தீவில்தான் காலமானார்.

இதை நண்பனிடம் சொன்னேன். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். “ரத்தம் கக்கின மனுஷன் இங்க குடித்தனம் பண்ணியிருக்கான். நான் மூணாவது மாடிக்கு லிஃப்ட்ல போறேன்” என்றான். பிறகு பேசாமல் முன்னால் நடந்தான்.

அதற்குமேல் மர நிழல் போய், பொட்டல் மண் சாலை. மண்டையைப் பிளக்கும். ஆனால், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் நாளில், உச்சியிலிருந்து 190 மைலுக்கு அப்பால் இருக்கும் ஷாஸ்டா பனிமலைகூடத் தெரியும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மலையில் தண்ணீர்க் குழாய் கிடையாது. தலைக்கு மூன்று லிட்டராவது தூக்கிக்கொண்டு போங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஓக் செடியைத் தொட்டால், ஒரு வாரம் சொறிந்துகொண்டே ஆபீஸ் போக வேண்டியதுதான். சலங்கைப் பாம்பும் உண்டு. கோடையைத் தவிருங்கள். பிப்ரவரி வாக்கில் போனால் கொடிகளுக்கு நடுவே மஞ்சள் மஞ்சேளென்று கடுகு பூத்திருக்கும்.

தீ எச்சரிக்கை இருந்தால் யோசிக்காமல் திரும்பிவிடுங்கள். 2017 அக்டோபர் 8 இரவு கலிஸ்டோகா அருகே பிடித்த தீ, காற்றில் பறந்து சான்டா ரோசா நகருக்குள் புகுந்தது. 22 பேர் பலி.

கடைசியாக ஒன்று. முதலில் மலை, அப்புறம்தான் கோப்பை. இறங்கி வந்த பிறகு குடிக்கிற சாதாரணத் தண்ணீருக்கே ஐம்பது டாலர் கொடுக்கலாம் போலிருக்கும்!