தற்பதிவு நடிப்புத் தேர்வு: ஒத்திகைச் செயலியும் துணை வாசிப்பாளரும்

தற்பதிவு நடிப்புத் தேர்வு என்பது, நடிகர் ஒருவர் தமக்கு அனுப்பப்பட்ட காட்சியை நடித்து, தாமே காணொளியாகப் பதிவு செய்து, நடிகர் தேர்வு இயக்குநருக்கு அனுப்பும் முறையாகும். இது பரவலாக 'செல்ஃப் டேப்' எனப்படுகிறது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முன்பே வழக்கில் இருந்த இம்முறை, 2020இல் கோவிட்-19 பெருந்தொற்றால் நேரடித் தேர்வுகள் நின்றபோது பெருமளவு பரவியது. நேரடித் தேர்வில் எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தை அறையில் உள்ள ஒருவர் வாசிப்பார். தற்பதிவிலோ அந்தத் துணை வாசிப்பாளரை நடிகரே தேடிக்கொள்ள வேண்டும். ஆள் கிடைக்காத பலர் ஒத்திகைச் செயலிகளை நாடுகின்றனர்.

செயலிகள் இயங்கும் விதம்

லைன்லேர்னர் போன்ற செயலிகளில் நடிகர் முதலில் எல்லாப் பாத்திரங்களின் வசனங்களையும் பதிவு செய்கிறார். பின்னர் தம் வசனங்களை மட்டும் ஒலியடக்கி இயக்கினால், எதிர்வசனமும் அவர் பேசுவதற்கான இடைவெளியும் மாறிமாறி வரும். செயற்கைக் குரலில் வாசிக்கும் செயலிகளும் உண்டு. நள்ளிரவிலும் பேருந்துப் பயணத்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பழகலாம் என்பது இவற்றின் பெரும் பயன்.

ஆனால் பதிவு செய்த குரல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஒலிக்கும். "எப்போது வந்தாய்?" என்பதை அன்பாகவும் கேட்கலாம், சந்தேகமாகவும் கேட்கலாம். கேட்கும் விதம் மாறினால் "இப்போதுதான்" என்னும் பதிலும் மாறும். செயலியோடு மட்டும் பழகுபவர், கேட்டுப் பதில் சொல்வதற்கு மாறாக, இடைவெளியை நிரப்பப் பழகிவிடுகிறார்.

துணை வாசிப்பாளரின் பங்கு

நியூயார்க்கின் நெய்பர்ஹுட் பிளேஹவுஸ் பள்ளியில் கற்பித்த சான்ஃபோர்ட் மைஸ்னர் (1905–1997), எதிரில் இருப்பவரைக் கவனித்து அதற்கேற்ப எதிர்வினையாற்றுவதைத் தம் பயிற்சியின் அடிப்படையாகக் கொண்டார். அண்மைக் காட்சியில் ஒளிப்படக்கருவி பேச்சோடு கேட்கும் முகத்தையும் பதிவு செய்கிறது. அந்த முகத்தில் உயிர் இருக்க, எதிரில் ஓர் ஆள் தேவை.

வாசிப்பவர் தேர்ந்த நடிகராக இருக்க வேண்டியதில்லை. நண்பரோ உடன்பிறந்தவரோ போதும். அவர் ஒளிப்படக்கருவிக்கு மிக அருகில், நடிகரின் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். திறன்பேசியின் ஒலிவாங்கி அவருக்கே அருகில் இருப்பதால் தணிந்த குரலில் வாசிக்க வேண்டும். உணர்வோடு வாசிக்கலாம்; ஆனால் நடிகரை மிஞ்சி நடிக்கக் கூடாது.

வீஆடிஷன் போன்ற தளங்களில் காணொளி அழைப்பு வழியாகவும் வாசிப்பாளர் கிடைக்கிறார். கட்டணமும், இணைய வேகம் குறைந்தால் வசனம் தாமதமாக வந்து சேர்வதும் இதன் குறைகள்.

கால நெருக்கடி

ஆள் தேடுவதற்கும் நேரம் வேண்டும். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா, 2023இல் 118 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பின் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தற்பதிவுக்கான விதிகளும் இடம்பெற்றன. தற்பதிவுக்குக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும் என்பதும், முதல் சுற்றில் 8 பக்கங்களுக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் அவற்றுள் அடங்கும்.

எதைத் தேர்வது?

வசனம் மனத்தில் பதியும் வரை செயலி போதுமானது. பல வேளைகளில் மனிதரை விட வசதியானதும்கூட. பதிவின்போது துணை வாசிப்பாளரே சிறந்தவர். அரை மணி நேரம் மட்டுமே ஒருவர் உதவ முடியுமெனில், அந்த நேரத்தை மனப்பாடத்தில் செலவிடாமல் பதிவுக்கே ஒதுக்குவது நல்லது. யாருமே கிடைக்காதபோது, எதிர்வசனத்தை வேறொருவர் குரலில், இரண்டு மூன்று விதமாகப் பதிவு செய்து வாங்கிப் பயன்படுத்தலாம். அடுத்து எந்தத் தொனி வரும் என்று தெரியாதபோது, நடிகர் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்பார்.