சாவி வைத்திருப்பவரும் அதிகாரம் உள்ளவரும்

வீடு சென்னையில், வீட்டுக்காரர் துபாயில், சாவி மூன்றாம் ஒருவர் கையில். வாடகைக் குடித்தனம் இன்று பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. அந்த மூன்றாம் நபர் உறவினராகவோ, புரோக்கராகவோ, வீடுகளைப் பராமரிக்கும் நிறுவனமாகவோ இருக்கலாம். அட்வான்ஸ் வாங்குவதும் அவர்தான், குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவதும் அவர்தான். ஆனால் அவருக்கு எதுவரை அதிகாரம் என்பதில் வீட்டுக்காரர் நினைப்பது ஒன்று, குடியிருப்பவர் நம்புவது வேறொன்று. அந்த அதிகாரத்தை எழுத்தில் வரையறுத்து இருவரும் பார்த்துவிட்டால் பெரும்பாலான இழப்புகளைத் தடுத்துவிடலாம்.

சென்னைக் காவல்துறையிடம் குவிந்த லீஸ் மோசடிப் புகார்களே இதற்குச் சான்று. இடையாள் வீட்டை மாத வாடகைக்கு எடுக்கிறார். அதே வீட்டை இன்னொரு குடும்பத்திடம் பல லட்ச ரூபாய் மொத்தமாக வாங்கிக்கொண்டு லீசுக்கு விடுகிறார். சில மாதங்கள் வீட்டுக்காரருக்கு வாடகை ஒழுங்காகப் போகிறது, பிறகு நின்றுவிடுகிறது. வாடகை வராததால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார் அவர். சேமிப்பையெல்லாம் கொடுத்துவிட்ட குடும்பம் எங்கே போகும்? ஏமாந்த இருவரும் அதுவரை நேரில் பேசிக்கொண்டதே இல்லை என்பதுதான் இந்த மோசடியின் மூலதனம்.

2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவுசெய்வதையும் கட்டாயமாக்குகிறது. வீட்டுக்காரர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சொத்து மேலாளரையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வாடகைக்கு ரசீது கொடுப்பது, அவசியமான பழுதுகளைச் சரிசெய்வது, தகராறு தீர உதவுவது எல்லாம் அவர் கடமை. வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கே உரிமையில்லை, அவர் ஆளுக்கு எங்கிருந்து வரும்? வீட்டுக்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகவருக்கு அதிகாரம் உண்டென்று நீங்களே சொல்லாலோ நடத்தையாலோ நம்பவைத்திருந்தால், அவர் எல்லை மீறிச் செய்ததும் உங்களைக் கட்டுப்படுத்தும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். ஆகவே எல்லையை எழுதிவைப்பது வீட்டுக்காரருக்கும் காப்புத்தான்.

உறவினரிடம் போய் எழுதி வாங்குவதா என்று சில வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். ஆனால் வீட்டுக்காரர் காலமானால் முகவரின் அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடும். அந்த நாளில் எழுத்து இல்லாவிட்டால், நேர்மையான உறவினர்மீதே வாரிசுகளின் சந்தேகம் விழும். பதிவு செய்தால் குடியிருப்பவரை வெளியேற்றவே முடியாது என்பது இன்னொரு பயம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்தின் மிச்சம் இது. அந்தச் சட்டம் நீங்கிவிட்டது, இப்போது ஒப்பந்தத்தில் எழுதிய காலவரையறையே அடிப்படை. வீடு கிடைப்பதே அரிது, இதில் நிபந்தனை போட முடியுமா என்று குடியிருக்க வருபவர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் வீட்டுக்காரரிடம் ஒருமுறை நேராகப் பேச வேண்டும் என்பது நிபந்தனையாகாது. அதற்கும் வழிவிடாதவரிடம் முன்பணம் கொடுப்பதைவிட வேறு வீடு தேடுவதே மேல்.

எனவே முன்பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்றிலும் சொத்து வரி ரசீதிலும் உரிமையாளர் பெயரைப் பாருங்கள். மேலாளரின் அதிகாரக் கடிதத்தில் பணம் வாங்கவும் ஒப்பந்தம் போடவும் அனுமதி உண்டா, எந்தத் தேதி வரை என்று படியுங்கள். கூடியவரை அட்வான்சை உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். வேறு உடன்பாடு இல்லாதபோது அது மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். தண்ணீர், மின்சாரம் துண்டிக்கப்பட்டால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். லீஸ் பணத்தோடு இடையாள் மறைந்தால் காவல்துறையிடம் தாமதிக்காமல் புகார் கொடுக்க வேண்டும். அப்போது வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் எதிரெதிரே நிற்காமல் சேர்ந்தே போக வேண்டும். ஒரே ஆளிடம் ஏமாந்தவர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்வதால் ஆதாயம் அவனுக்கு மட்டுமே.