ஆட்டம் முடிந்தது, வேலை தொடங்கியது!

ஓசூர் ஆலைகளில் ஷிப்டு முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. மாதச் சந்தா கட்டி ஆடும் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராப்ட்’ என்ற இணைய விளையாட்டிலோ, வீரன் உச்சப் படியை எட்டிய பிறகுதான் வேலையே ஆரம்பம்!

அங்குள்ள கூட்டத்தாரின் நன்மதிப்பைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். ஒரு கூட்டத்தாரிடம் நடுநிலையிலிருந்து உச்ச மதிப்பை அடைய 42,000 புள்ளிகள் தேவை. 2012 செப்டம்பரில் வந்த ‘பண்டாரியா’ பகுதியில், பொற்றாமரைக் கூட்டத்தாருக்கு நாள்தோறும் ஊழியம் செய்து மதிப்புப் பெற்றால்தான் வேறு இரு கூட்டத்தாரின் அன்றாடப் பணிகள் கிடைத்தன.

“இது விளையாட்டா, இரண்டாவது ஷிப்டா?” என்று ஆட்டக்காரர்கள் குமுறினார்கள். நிறுவனமும் இறங்கி வந்தது. நவம்பரில், விருதுச் சின்னம் வாங்கியவருக்கு மதிப்பு இரட்டிப்பாகச் சேர வழி செய்தது.

ஆயினும் என்ன? ஆலையில் உழைத்தவருக்குச் சம்பளம் உண்டு. இங்கே உழைப்பவரே அல்லவா சந்தா கட்டுகிறார்!