மேல்நிலைத் தமிழுக்கு ஆசிரியர் எங்கே?

சிங்கப்பூரில் கணிதத்துக்குத் துணைப்பாட ஆசிரியர் வேண்டும் என்றால் ஒரே நாளில் பத்துப் பேர் கிடைப்பார்கள். வேதியியலுக்கும் அப்படியே. ஸ்பானிய மொழிக்கு ஆள் தேடும் குடும்பத்துக்குக்கூடப் பெரிய சிரமம் இல்லை. கல்வி அமைச்சின் மொழி நிலையமே 2014 முதல் அதை மூன்றாம் மொழியாகக் கற்பித்து வருகிறது. உலகின் பல நாடுகளில் அம்மொழிக்குத் தேர்வுகளும் பயிற்சி நூல்களும் இருப்பதால், மாட்ரிட்டில் இருக்கும் ஒருவர் கணினி வழியாகவே பாடம் நடத்திவிடலாம்.

ஆனால் உயர்நிலைப்பள்ளியில் உயர்தமிழ் படிக்கும் பிள்ளைக்கோ, தொடக்கக்கல்லூரியில் ‘எச்2’ நிலையில் தமிழ்மொழியும் இலக்கியமும் எடுத்திருக்கும் பிள்ளைக்கோ ஆசிரியர் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அலைச்சல் தெரியும். தேக்காவைச் சுற்றிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். சிராங்கூன் சாலையில் நடந்தால் காதில் விழுவதில் பாதி தமிழ். அந்த மொழியில் மேல்நிலைத் தேர்வுக்குக் கைகொடுக்க ஆள் தேடினால் மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வருகிறார்கள். ஏன் இப்படி?

காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றார்கள். 2020இல் அது 2.5 விழுக்காடாக இறங்கியது. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு ஏறியது. வீட்டில் தமிழ் குறையும்போது அதை மேல்நிலை வரை எடுக்கும் மாணவர் எண்ணிக்கையும் சிறுத்துப் போகிறது. எடுப்பவர் குறைந்தால் நாளைக்குச் சொல்லிக்கொடுப்பவரும் குறைவார். இன்று ஆசிரியர் கிடைக்காததற்கும், பத்தாண்டுகளுக்கு முன் மாணவர் குறைவாக இருந்ததற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சந்தைக் கணக்கும் இதற்கு எதிராகவே இருக்கிறது. சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை 2017/18 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பில் ஆண்டுக்கு 1.4 பில்லியன் வெள்ளி, 2023இல் 1.8 பில்லியன் வெள்ளி. இவ்வளவு பணம் புழங்கும் தொழிலில், நான்கைந்து மாணவர்களுக்காக மேல்நிலைத் தமிழ் வகுப்பு நடத்த எந்த நிலையம் முன்வரும்?

முதலில் தட்ட வேண்டிய கதவு

பல பெற்றோர் செய்யும் முதல் காரியம் முகவர் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைப்பது. முதலில் போக வேண்டிய இடம் அதுவல்ல. லிட்டில் இந்தியாவின் வடகோடியில், ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பீட்டி சாலை இருக்கிறது. இரண்டாம் எண்ணில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம். முதலாம் எண்ணில் 1991இல் தொடங்கப்பட்ட சிண்டா.

உமறுப் புலவர் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. கடையநல்லூர் முஸ்லிம் சமூகத்தார் 1946இல் சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னர் அது உயர்நிலைப்பள்ளியாகவும் வளர்ந்து, மாணவர் குறைந்ததால் 1982இல் மூடப்பட்டது. அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் இன்றைய நிலையம், தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்களுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு பாடம் நடத்துகிறது. அங்கே இருப்பவர்கள் கல்வி அமைச்சின் ஆசிரியர்கள். பிள்ளையின் பள்ளியில் உயர்தமிழ் இல்லை என்றால், வெளியாள் தேடுவதற்கு முன் பள்ளியிடமே இந்த வழியைக் கேட்க வேண்டும். தனியாகப் பணம் கொடுத்துத் தேடும் பலருக்கு, கேட்டிருந்தால் வகுப்பே கிடைத்திருக்கும். சிண்டாவோ குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகள் நடத்துகிறது. எந்த நிலைக்கு எந்தப் பாடம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் நேரில் விசாரிப்பதே நல்லது.

தொடக்கக்கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. கல்வி அமைச்சு 2020இல் தமிழ்மொழி விருப்பப்பாடத் திட்டத்தை ஆண்டர்சன் சிராங்கூன் தொடக்கக்கல்லூரியிலும் நேஷனல் தொடக்கக்கல்லூரியிலும் தொடங்கியது. அதில் சேர்பவர்கள் எச்2 தமிழ் படிக்கிறார்கள். எல்லாத் தொடக்கக்கல்லூரிகளிலும் எச்2 தமிழ் கிடையாது. கல்லூரியில் சேர்ந்த பிறகு அதைக் கண்டுபிடித்து, வெளியே ஆசிரியர் தேடி ஓடுவதைவிட, சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது எளிது.

தமிழ் தெரிந்தவரா, தேர்வு தெரிந்தவரா?

பள்ளி வழிகளையெல்லாம் பார்த்தும் போதவில்லை, தனி ஆசிரியர் வேண்டும் என்று முடிவானால் யாரைத் தேடுவது? இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தமிழில் முதுகலைப் பட்டம் என்றதும் மனம் குளிர்ந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் சங்க இலக்கியத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர் கிடைத்தால் பெற்றோருக்குப் பெருமையாகவும் இருக்கும். அவருடைய புலமையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சிங்கப்பூரில் தேர்வு எழுதும் பிள்ளை தமிழை இரண்டாம் மொழியாகக் கற்றது. அதன் சிந்தனை ஆங்கிலத்தில் ஓடுகிறது. அதன் சிக்கலே வேறு.

வாய்மொழித் தேர்வையே எடுத்துக்கொள்ளலாம். உரக்க வாசிக்கும் பகுதி எழுத்துத் தமிழில் இருக்கும். உரையாடலில் எதிர்பார்க்கப்படுவது இயல்பான, தரமான பேச்சுத் தமிழ். 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது முதல் இந்தப் பார்வை வலுப்பெற்றுவிட்டது. ‘போயிட்டு வந்தேன்’ என்று அழகாகப் பேசும் பிள்ளையை ‘சென்று வந்தேன் என்று சொல்’ எனத் திருத்தும் ஆசிரியர், நல்லெண்ணத்தோடுதான் திருத்துகிறார். ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த வாக்கியத்துக்கு வாயே திறக்காது. ‘ஓ’ நிலையில் ஒரு காணொளியைக் காட்டி அதை ஒட்டிக் கேள்வி கேட்கிறார்கள். முதியோர் பராமரிப்பு, அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்தார், உணவங்காடி நிலையத்தில் தட்டுகளைத் திருப்பி வைப்பது என்று பேச்சு உள்ளூர் விவகாரமாகவே இருக்கும். அந்தச் சொற்களை அறியாத ஆசிரியர் சென்னையில் இருந்தாலும் சிராங்கூனில் இருந்தாலும் ஒன்றுதான். அதற்காக வெளிநாட்டு ஆசிரியரே கூடாது என்பதில்லை. எச்2 இலக்கியத்துக்கு, பழந்தமிழ்ப் பாடலைப் பிரித்துப் பொருள் சொல்ல, கணினி வழியாகத் தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் கிடைத்தால் அது வரமே. எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ளூர் ஆள், இலக்கியத்துக்கு அவர் என்று பிரித்துக்கொள்ளும் குடும்பங்கள் புத்திசாலிகள்.

சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை பள்ளியில் எழுதிய ஒரு பழைய கட்டுரையை அவரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னால் போதும். ‘நான் பஸ் எடுத்தேன்’, ‘ஒரு நல்ல நேரம் வைத்திருந்தேன்’ என்று எழுதும் பிள்ளைகள் இங்கு ஏராளம். சொல் தமிழ், வாக்கியம் ஆங்கிலம். ஒருவர் லகர ளகரத்தையும் வல்லினம் மிகும் இடங்களையும் மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். இன்னொருவர் முழுக் கட்டுரையையும் தாமே திரும்ப எழுதிக் கொடுத்துவிடுவார். அதைப் பார்த்துப் பெற்றோர் பூரித்துப் போவார்கள், பிள்ளை ஒன்றும் கற்றிருக்காது. தேட வேண்டியது மூன்றாமவரை. ‘இதை உன் பாட்டியிடம் எப்படிச் சொல்வாய்?’ என்று கேட்டு, ‘பஸ்ல போனேன்’ என்று பிள்ளையின் வாயிலிருந்தே வரவழைத்து, அதை எழுத்துத் தமிழுக்கு மாற்ற வைப்பவர் அவர். கூடவே ஒரு கேள்வி: பாடத்திட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சிங்கப்பூர் தேர்வு மதிப்பீட்டுக் கழகம் ஒவ்வொரு பாடத்துக்கும் அதை இணையத்தளத்தில் வெளியிடுகிறது. எந்த ஆண்டுத் தேர்வுக்கு எந்தப் பாடநூல் என்பதைக்கூட அறியாமல் முன்பணம் கேட்பவரிடம் விடைபெற்றுக்கொள்ளலாம்.

மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. இருபது கட்டுரைகளை உருப்போட்டால் ஒன்றாவது வந்துவிடும் என்பது ஒரு சூதாட்டம். மேல்நிலையில் கேள்வி ஒரு கருத்தை முன்வைத்து அதை ஏற்கிறாயா என்று கேட்கும்போது, மனப்பாடம் செய்த பிள்ளை கேட்காததற்குப் பதில் எழுதிவிட்டு வருகிறது.

சட்டமும் கட்டணமும்

முகவர் நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் மாதக் கட்டணத்தில் பாதியை ஆசிரியரிடமிருந்து தரகாக எடுத்துக்கொள்கின்றன. இதனால் இரண்டாம் மாதத்தில் ஆள் மாறினால் நிறுவனத்துக்கு நட்டமில்லை, நட்டம் பிள்ளைக்குத்தான். பொதுவாகப் பல்கலைக்கழக மாணவருக்குக் குறைந்த கட்டணம், முழுநேரத் துணைப்பாட ஆசிரியருக்கு அதைவிடக் கூடுதல், பள்ளியில் பணியாற்றியவருக்கு மிக அதிகம் என்பது நடைமுறை. பத்துப் பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ பாடம் நடத்தும் நிலையம் கல்வி அமைச்சில் பதிவு செய்திருக்க வேண்டும்.

மளிகைக் கடைப் பலகையில் ‘தமிழ் டியூஷன்’ என்று சீட்டு ஒட்டியிருப்பவர்களில், கணவரின் வேலையை ஒட்டி இங்கு வந்திருக்கும் படித்த பெண்களும் உண்டு. அவர்களில் நல்ல ஆசிரியைகள் இருக்கக்கூடும். ஆனால் சார்ந்திருப்போர் அட்டையில் இருப்பவர் வேலை பார்க்க வேண்டுமானால், 2021 மே மாதத்திலிருந்து தனியாக வேலை அனுமதி பெற்றாக வேண்டும். அனுமதியின்றிச் சம்பளத்துக்கு வகுப்பு எடுப்பது அவருக்கே ஆபத்து. ‘பக்கத்து வீட்டு அக்காதானே’ என்று இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது.

எதற்காக இத்தனை அலைச்சல் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உயர்தமிழில் ‘ஓ’ நிலையில் டி7 அல்லது அதற்கு மேல் எடுத்தவர் தொடக்கக்கல்லூரியில் மீண்டும் தாய்மொழிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த நேரம் வேறு பாடங்களுக்குக் கிடைக்கும். இது கணக்குப் பார்ப்பவர்களுக்கான பதில். 2027 முதல் ‘ஓ’, ‘என்’ நிலைத் தேர்வுகளின் இடத்தில் சிங்கப்பூர்–கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் தேர்வு வருகிறது என்பதால், பழைய நினைவில் ‘ஓ’ நிலைக் கணக்கு சொல்லும் ஆசிரியர்களிடம் எச்சரிக்கை தேவை.

வேறொரு பதிலும் இருக்கிறது. பள்ளிகளுக்கும் வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ்களுக்கும் மொழிபெயர்ப்புப் பணிகளுக்கும் இங்கேயே வளர்ந்த தமிழ் ஆட்கள் வேண்டும். சிம் பல்கலைக்கழகம் 2006இல் தமிழ்மொழி, இலக்கியத்துக்கென ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. அந்தப் பல்கலைக்கழகம்தான் இப்போது சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். அந்த வகுப்பறையில் உட்காரப் போகிறவர்கள் இன்றைக்கு உயர்தமிழோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள்தான். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் உதவ ஆள் கிடைக்காமல் அவர்களில் நால்வர் பாடத்தைக் கைவிட்டால், அடுத்த பத்தாண்டில் வகுப்பறையின் இரு பக்கமும் நால்வர் குறைவார்கள்.

அதனால் தேடுபவர்கள் தவறவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஆண்டு இறுதியில் ‘ஏ’ நிலைத் தேர்வு முடிந்ததும், எச்2 தமிழ் எழுதிய பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் தொடங்கும் வரை சில மாதங்கள் ஓய்வாக இருப்பார்கள். பையன்கள் பலர் தேசிய சேவைக்குப் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகள் பகுதிநேர வேலை தேடுவார்கள். பாடநூலும் குறிப்புகளும் அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. எந்தக் கேள்வியில் நேரம் போதாமல் தவித்தோம் என்பதும் நினைவிருக்கும். பட்டம் பெற்ற புலவருக்குத் தெரியாத அந்தச் சங்கதியை அவர்களால் சொல்ல முடியும். கட்டணமும் குறைவு. பிள்ளையின் தமிழாசிரியரிடம் ‘போன ஆண்டு நன்றாகச் செய்த அக்கா யாராவது இருக்கிறாரா?’ என்று டிசம்பர் மாதத்திலேயே கேட்டு வைத்தால், ஜனவரியில் பள்ளி திறக்கும்போது வகுப்பைத் தொடங்கிவிடலாம்.