மறு கன்னம்: யாரைப் பார்த்துச் சொன்னது?

கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில் ஏறி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் பெரும்பாலும் மட்டமான நிலம். ஒரு பக்கம் ஆறும் கடலும். மறு பக்கம் ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) என்று தோட்டங்கள். முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. அந்த லயங்களில் வாழ்ந்த தமிழர்களில் கிறிஸ்தவர்கள் சிலரே. ஆனால் அடித்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டு என்ற இயேசுவின் போதனையைக் கேள்விப்படாதவர் இல்லை.

இதை அவர் யாரைப் பார்த்துச் சொன்னார்?

மத்தேயு நற்செய்தியின் 5 முதல் 7 வரையிலான அதிகாரங்களே மலைப்பிரசங்கம். தொடக்கத்தில் இயேசு கூட்டத்தைக் கண்டு மலையேறி உட்காருகிறார். சீடர்கள் அருகில் வர, அவர்களுக்குப் போதிக்கிறார். அப்படியானால் சீடர்களுக்கு மட்டும்தானா? 7ஆம் அதிகார முடிவைப் பாருங்கள். அங்கே வியந்து நிற்பது ஜனக்கூட்டம். முன்னால் சீடர்கள், காது கொடுத்துக் கேட்டபடி பின்னால் ஊர் மக்கள். லூக்கா 6ஆம் அதிகாரத்தில் இதே போன்ற போதனை சமவெளியில் நடக்கிறது. தீரு, சீதோன் கடற்கரையிலிருந்து வந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

பின்னால் வந்தவர்கள் இதைப் பங்கு பிரித்தார்கள். இதில் கடினமானவை துறவிகளுக்கு என்றது இடைக்காலத் திருச்சபையில் வளர்ந்த ஒரு கருத்து. சொந்த விஷயத்தில் பொறுத்துக்கொள், நீதிபதியாக உட்கார்ந்தால் தண்டிக்கலாம் என்றார் மார்ட்டின் லூதர். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமமோ, இது முதன்மையாக வரப்போகும் ராஜ்யத்துக்கான சட்டம் என்று எழுதியது. லூதர் சொன்னதில் நியாயம் உண்டு. மற்ற இரண்டும் பாரத்தை அடுத்தவர் தோளுக்கு மாற்றுகிற வேலைதான்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி. இன்றைய ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். கிரேக்க மூலத்திலும் தமிழிலும் ஒருமை வேறு, பன்மை வேறு. நான் 'உங்களுக்கு'ச் சொல்கிறேன் என்று கூட்டத்தைப் பார்த்துத் தொடங்குகிற பேச்சு, கன்னத்துக்கு வந்ததும் 'உன்னை' என்று மாறுகிறது. கூட்டத்திலிருந்து ஒருவரைத் தனியாகப் பிரித்துப் பேசுகிறார் இயேசு. அந்த ஒருவர், அறை வாங்குகிறவர்.

மத்தேயு 'வலது' கன்னம் என்கிறார். எதிரே நிற்பவரின் வலது கன்னத்தில் வலது கையால் அறைய வேண்டுமானால் புறங்கைதான் படும். யூதர்களின் மிஷ்னா சட்டத் தொகுப்பில் கன்னத்தில் அறைந்தால் அபராதம் 200 சூஸ், புறங்கையால் அறைந்தால் 400. வலி கூடுதல் என்பதால் அல்ல, அவமானம் கூடுதல் என்பதால். மேலே இருப்பவன் கீழே இருப்பவனை அடிக்கிற அடி அது. மறு கன்னத்தைக் காட்டுவது, என்னைச் சமமானவனாக நடத்து என்று நிமிர்ந்து நிற்பதாகும் என்றார் அமெரிக்க அறிஞர் வால்ட்டர் விங்க். எல்லாரும் இதை ஏற்கவில்லை. லூக்காவில் 'வலது' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் பேச்சு அடிபட்டவரிடம்தான் என்பதில் இரண்டு நூல்களும் ஒன்று.

அடுத்து வரும் மைல் கணக்கும் அப்படித்தான். ரோமப் படைவீரன் வழியில் போகிறவனைப் பிடித்துச் சுமை தூக்க வைக்கலாம். சிலுவையைச் சுமக்கச் சீமோனைப் பிடித்த இடத்திலும் மத்தேயு அதே கிரேக்க வினைச்சொல்லைத்தான் வைக்கிறார்.

தோட்டப்புற மக்களுக்கு இந்த மேல், கீழ் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள கிள்ளான் மாவட்டத்தில் 1941இல் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்ட இன்னொன்று, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுக்க வேண்டும் என்பது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்குவதில் காசு நஷ்டம் எதுவும் இல்லை. புறங்கை அறையும் அதுவும் ஒரே ஜாதி.

அறைகிறவனே இந்தப் போதனையை எடுத்துச் சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும். அடிக்கிற கணவனைக் கண்டிக்காமல், அடிபட்ட மனைவியிடம் மறு கன்னம் பேசுகிற உறவினர்கள் இன்றும் உண்டு. மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1996 முதல் அமலில் இருக்கிறது. போலீசில் புகார் செய்வது பாவம் என்று மலைப்பிரசங்கத்தில் எங்கும் இல்லை.

இயேசுவே அறை வாங்கிய இடம் ஒன்று யோவான் 18ஆம் அதிகாரத்தில் வருகிறது. தலைமை ஆசாரியன் விசாரணையில் சேவகன் ஒருவன் அவரை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. மறு கன்னத்தைக் காட்டியதாகவும் அங்கே எழுதப்படவில்லை. தப்பாகப் பேசியிருந்தால் எது தப்பு என்று சொல், இல்லையென்றால் எதற்காக அடித்தாய் என்று அந்தச் சேவகனிடமே கேட்கிறார்.