சண்டையை இயக்குவது யார்?

அதிரடியின் கதை - 9

பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பலர் கவனிக்காமலே கடந்துபோகும் இடம் ஒன்று கிழக்கேகோட்டையில் இருக்கிறது. சி.வி.என். களரி. 1956-ல் கோவிந்தன்குட்டி நாயர் தொடங்கியது. அவருடைய தந்தை சி.வி. நாராயணன் நாயர், கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் பயின்றவர். மங்கிக்கொண்டிருந்த வடக்கன் களரியை ஊர் ஊராகக் கொண்டுபோய் மறுபடி மக்கள் கண்ணில் படவைத்தவர். மரபுப்படி களரி என்பது தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழி, 42 அடிக்கு 21 அடி. தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு பூத்தறை என்ற வழிபாட்டு மேடை. எண்ணெய் தேய்த்த உடம்புகள் செம்மண்ணில் தாழ்ந்து, எழுந்து, திரும்பும். குருக்கள் வாய்த்தாரி சொல்லிக்கொண்டே இருப்பார்: எந்தக் காலை எடுத்துவைப்பது, எங்கே குனிவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று மூச்சு விடாமல் வரும் கட்டளைகள். குரல் ஏறினால் உடம்பு வேகமெடுக்கும். குரல் நின்றால் உடம்பும் நிற்கும்.

சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி எழுதும் வாரத்தில் களரிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் குழிக்குள் ஒவ்வோர் அசைவுக்கும் பொறுப்பேற்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். நம் படப்பிடிப்புத் தளங்களில் அந்த ஆள் யார் என்பதில் இன்றுவரை தெளிவு இல்லை.

ஹாலிவுட்டில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. படத்தின் இயக்குநர் நடிகர்களை வைத்து வசனக் காட்சிகளை எடுத்துக்கொண்டிருப்பார். அதே நாட்களில் வேறோர் இடத்தில், தனி கேமரா, தனி ஒளிப்பதிவாளர், டூப் கலைஞர்களோடு இன்னொரு குழு துரத்தல்களையும் மோதல்களையும் எடுக்கும். அதுதான் செகண்ட் யூனிட். அதன் தலைவருக்கு உதவி இயக்குநர் என்று பெயர் இல்லை. அவரும் இயக்குநர்தான். பெரும்பாலும் முன்னாள் ஸ்டன்ட் கலைஞர்.

1959-ல் வந்த 'பென்ஹர்' படத்தை வில்லியம் வைலர் இயக்கினார். உலகமே நினைவில் வைத்திருக்கும் அந்த ரதப் பந்தயத்தை எடுத்தவர்கள் செகண்ட் யூனிட்டின் ஆண்ட்ரூ மார்ட்டனும் ஸ்டன்ட் மேதை யாகிமா கனட்டும். குதிரைகளையும் ஓட்டுநர்களையும் மாதக்கணக்கில் பழக்கிய பிறகே கேமராவை ஓடவிட்டார்கள். சார்ல்டன் ஹெஸ்டனுக்கு டூப் போட்டவர் கனட்டின் மகன் ஜோ. ஓரிடத்தில் ரதம் எகிற, ஜோ முன்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டார். ரதத்தை எப்படியோ பிடித்துக்கொண்டு தப்பினார், மோவாயில் வெட்டுக்காயம். அந்த விபத்தைப் படத்திலேயே வைத்துக்கொண்டார்கள்; ஹெஸ்டன் மறுபடி ரதத்துக்குள் ஏறி வருவதைத் தனியாக எடுத்து அதோடு ஒட்டினார்கள். இரண்டு யூனிட் எடுத்தது ஒரே மனிதனின் ஒரே மூச்சாகத் திரையில் தெரிந்தது.

சூப்பர் ஹீரோ படங்கள் பெருகியபோது இந்தக் கைகளுக்கு வேலையும் பெருகியது. 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' (2016) படத்தின் சண்டைகளுக்கு ரூசோ சகோதரர்கள் செகண்ட் யூனிட் இயக்குநர்களாக அழைத்துவந்தவர்களில் சாட் ஸ்டஹெல்ஸ்கியும் டேவிட் லீச்சும் உண்டு. இருவரும் ஸ்டன்ட் உலகத்திலிருந்து வந்து 'ஜான் விக்' எடுத்தவர்கள். முன்பின் பெரிய சண்டை எடுத்திராத, நல்ல கதை சொல்லத் தெரிந்த இயக்குநரை வைத்துக்கொண்டு, அதிரடியை அனுபவசாலியிடம் கொடுப்பது மார்வெலின் வழக்கமாகவே ஆனது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்ட்டெலை 'பிளாக் விடோ' படத்துக்காக மார்வெல் அணுகியது. சண்டைக் காட்சிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். தனக்கு அந்தக் காட்சிகளையும் இயக்கத்தான் ஆசை என்று 2018-ல் அவர் ஒரு பேட்டியில் சொன்னார். அவர் சொன்னதன் பக்கம்தான் நான். சண்டை கதாபாத்திரத்தின் பேச்சு. அதைக் கதை தெரியாத ஒருவரிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தால், படத்தின் நடுவில் வேறொரு படம் ஓடும். கிறிஸ்டோபர் நோலன் செகண்ட் யூனிட்டே வேண்டாம் என்று எல்லா ஷாட்டையும் தானே எடுப்பவர். அது அவருக்குக் கிடைக்கும் கால அவகாசத்துக்குச் சரி. நாற்பது, ஐம்பது நாள் கால்ஷீட்டில் படம் முடிக்கும் நமக்கு அது வழியாகாது.

சரி, நம் பக்கம் என்ன நடந்தது?

மலையாளப் படங்கள் கோடம்பாக்கத்தில் உருவான காலத்தில் தியாகராஜன் மாஸ்டர் போன்றவர்கள் எத்தனையோ படங்களுக்குச் சண்டை அமைத்தார்கள். மாஸ்டர் வந்ததும் இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவது தென்னிந்தியா முழுக்க உள்ள பழக்கம். கேமரா எங்கே, எந்த லென்ஸ், எத்தனை ஷாட் எல்லாமே மாஸ்டர் முடிவு. நடைமுறையில் அவர் செகண்ட் யூனிட் இயக்குநர்தான். ஆனால் அந்த அதிகாரத்தோடு வரவேண்டிய இரண்டு விஷயங்கள் வரவில்லை: திரைக்கதையைப் படிக்கும் அவகாசமும், தயாரிப்புக்கான நாட்களும். "இங்கே ஒரு ஃபைட் வருது மாஸ்டர்" என்று தளத்தில் சொன்னால் அவர் என்ன செய்வார்? போன படத்தில் செய்ததைச் செய்வார். நம் கதாநாயகர்கள் எல்லோரும் ஒரே மாதிரி உதைப்பதற்கு மாஸ்டர்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

சூப்பர் ஹீரோ படத்தில் இந்தப் பழக்கம் உடனே மாட்டிக்கொள்ளும். அங்கே சக்திக்கு ஒரு விதி வேண்டும். என்ன முடியும், என்ன முடியாது, எப்போது தோற்பான் என்பது தெரியாமல் ஒரு குத்துகூட அமைக்க முடியாது.

பேசில் ஜோசப்பின் 'மின்னல் முரளி' (2021) இதைப் புரிந்துகொண்ட படம். குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமம், மின்னல் தாக்கிய ஒரு தையற்காரன், அதே மின்னல் தாக்கிய டீக்கடைத் தொழிலாளி. அதிரடிக்கு வெளிநாட்டிலிருந்து விளாட் ரிம்பர்க்கை அழைத்தார்கள். காலடியில் பெரியாற்றங்கரையில் போட்டிருந்த தேவாலய செட்டை 2020 மே மாதம் ஒரு கும்பல் இடித்துத் தள்ளியதையும், கொரோனாவையும் தாண்டி வந்த படம் அது. ரிம்பர்க்கின் வித்தையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அந்த வித்தையைப் படம் எங்கே நிறுத்தியது என்பது. கூத்துப்பட்டறையில் வளர்ந்த நம்முடைய குரு சோமசுந்தரம்தான் அந்த டீக்கடைத் தொழிலாளி ஷிபு. பொருள்களைத் தொடாமலே நகர்த்தும் சக்தி அவனுக்கு. அவன் ஒவ்வொரு முறை சக்தியைக் காட்டும்போதும் முதலில் முகத்தில் ஒரு வலி தெரியும், பிறகுதான் பொருள் பறக்கும். கம்பியும் கணினியும் அந்த முகத்துக்குப் பின்னால்தான் வேலை செய்கின்றன. இறுதிச் சண்டை கொஞ்சம் நீளம் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அது எந்தக் கணத்திலும் வேறு படமாக மாறவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்ட் 28 அன்று டொமினிக் அருணின் 'லோகா' வந்தது. கதைக்கு வேர் கள்ளியங்காட்டு நீலி. நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டோடு சேர்த்துப் பேசப்படும் யட்சி, பழைய தென் திருவிதாங்கூரின் பாட்டிமார் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தியவள். கல்யாணி பிரியதர்ஷன் அந்த வேடத்துக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார். சண்டை அமைத்தவர் யானிக் பென், 'தி ஃபேமிலி மேன்' தொடரிலும் சமந்தாவின் 'யசோதா'விலும் வேலை செய்தவர். சுமார் 30 கோடியில் எடுத்ததாகச் சொல்லப்படும் படம், உலகம் முழுவதும் 300 கோடியைத் தாண்டியது. வில்லனாக நம் சாண்டி மாஸ்டர். நடனக்காரரை எதிரியாக வைத்தது நல்ல யோசனை; தாளம் தெரிந்த உடம்பு அடிவாங்குவதிலும் தாளம் தப்பாது. கல்யாணியின் சந்திரா அலட்டிக்கொள்ளாமல் அடிக்கிறாள். நூற்றாண்டுகளாக வாழ்கிறவளுக்கு அவசரம் எதற்கு? கதாபாத்திரத்தைப் படித்தவரால்தான் இப்படி ஒரு சண்டையை அமைக்க முடியும்.

வெளிநாட்டு மாஸ்டர்களை நாம் முன்பும் அழைத்திருக்கிறோம். 'எந்திர'னுக்கு யுவென் வூ பிங், இந்தி 'க்ரிஷ்' படத்துக்கு ஹாங்காங்கின் சிங் சியூ டுங். இருவரும் மலை போன்றவர்கள். மலையாளக்காரர்கள் செய்ததில் வித்தியாசம், பணம் குறைவாக இருந்தபோதும் மாஸ்டருக்கும் நடிகருக்கும் ஒத்திகைக்கு நாட்கள் ஒதுக்கியது.

இங்கேதான் கிழக்கேகோட்டை நினைவுக்கு வருகிறது. 1970களின் பிற்பகுதியில் பிலிப் ஜாரில்லி என்ற அமெரிக்க நாடக அறிஞர் இந்தக் களரிக்கு வந்து கோவிந்தன்குட்டி நாயரிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றார். அதைக் கொண்டு தனக்கென ஒரு நடிப்புப் பயிற்சி முறையையே உருவாக்கினார். யானை, சிங்கம், பாம்பு, பூனை என்று களரியில் எட்டு வடிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பார்வை வேறு, எடை விழும் கால் வேறு. ஒரு கதாபாத்திரம் எப்படி நிற்கும், எப்படிப் பாயும் என்று தேடும் அதிரடி இயக்குநருக்கு இதைவிடப் பெரிய புதையல் எது? 'உண்ணியார்ச்சா' (1961) முதல் 'ஒரு வடக்கன் வீரகாதா' (1989) வரை மலையாள சினிமா களரியின் வாளையும் கேடயத்தையும் எடுத்துக்கொண்டது. மெய்ப்பயிற்சியை எடுத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் மாஸ்டரை விமான நிலையத்திலிருந்து நேராகச் செட்டுக்குக் கூட்டிப்போகாமல், ஒரு வாரம் இந்தக் குழியின் விளிம்பில் உட்காரவைக்க வேண்டும். கூடவே நம் ஊர் ஸ்டன்ட் கலைஞர்கள் பத்துப் பேரையும்.

அங்கீகாரத்தில் இந்தியா முந்திக்கொண்டது உண்மை. 'புலிமுருகன்' (2016) படத்துக்காக பீட்டர் ஹெய்னுக்குச் சண்டை அமைப்புக்கான தேசிய விருது கிடைத்தது. ஆஸ்கரில் ஸ்டன்ட் வடிவமைப்புக்கு விருது என்று அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான். 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்து அது தொடங்கும். விருது முந்திவிட்டது, பாதுகாப்பு முந்தவில்லை. அதே 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் படப்பிடிப்பின்போது, கார் கவிழும் காட்சியில் அனுபவம் மிக்க ஸ்டன்ட் கலைஞர் ஒருவர் இறந்துபோனார். அந்த மரணத்துக்கு யார் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் செகண்ட் யூனிட்டை முழு யூனிட்டாக அமைத்து, தனி நாட்கள், தனிப் பாதுகாப்புப் பொறுப்பாளர், ஆம்புலன்ஸ், "இன்று வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் ஆகியவற்றை மாஸ்டருக்குக் கொடுப்பது இனி எந்தத் தயாரிப்பாளரும் தள்ளிப்போடக்கூடாத செலவு. அடுத்து வரும் தமிழ் சூப்பர் ஹீரோ படத்தின் பட்ஜெட் தாளில் அது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

(தொடரும்)